வெட்கப்பட ஒன்றுமில்லை: குடலின் கடைசி நான்கு சென்டிமீட்டர்

படிவம் 2 அறிவியலில் செரிமான மண்டலத்தைப் படிக்கிறோம். வாய், உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடல் என்று ஒவ்வொன்றுக்கும் படமும் நொதிப் பட்டியலும் உண்டு. பெருங்குடலுக்கு வந்ததும் "நீர் உறிஞ்சப்படுகிறது, மலம் வெளியேற்றப்படுகிறது" என்று இரண்டே தொடரில் பாடம் முடிந்துவிடும். அந்த வரியை உரக்கப் படிக்கச் சொன்னால் பின்வரிசையில் சிரிப்பு எழும். சிரிப்பதில் தவறில்லை. ஆனால் சிரிப்போடு நிறுத்திக்கொள்வதால், உடம்பின் அந்தப் பகுதியில் வலி, அரிப்பு, இரத்தம் என்று ஏதாவது வந்தால் யாரிடம் சொல்வது, எந்தச் சொல்லால் சொல்வது என்று தெரியாமல் போய்விடுகிறது. இந்த வாரப் பாடம் அந்தக் கடைசிப் பகுதியைப் பற்றியது.

ஒரு சின்ன வாசலின் அமைப்பு

பெருங்குடலின் முடிவில் இருப்பது மலக்குடல். பெரியவர்களுக்கு ஏறக்குறைய 12 முதல் 15 சென்டிமீட்டர் நீளம். அதற்குக் கீழே ஆசனவாய்க் கால்வாய், 3 முதல் 4 சென்டிமீட்டர்தான். உங்கள் சுண்டுவிரலைவிடச் சிறிய இந்தக் கால்வாயில் இரண்டு சுருக்குத்தசைகள் வளையமாகச் சுற்றியிருக்கின்றன.

உள்வளையம் நம் விருப்பத்திற்குக் கட்டுப்படாதது. இதயத்தைப் போல, நாம் தூங்கும்போதும் வேலை செய்து வாசலை மூடி வைத்திருக்கிறது. வெளிவளையம் கைகால் தசைகளைப் போன்றது. நாம் சொன்னால் கேட்கும். பள்ளிச் சபைகூடலின் நடுவே வயிறு முட்டினாலும் அடக்கிக்கொண்டு நிற்கிறீர்களே, அது இந்த வெளிவளையத்தின் உதவியால்தான்.

மலக்குடல் நிறைந்ததும் உள்வளையம் ஒரு கணம் தளர்கிறது. உள்ளே வந்திருப்பது வாயுவா, நீரா, திடப்பொருளா என்பதைக் கால்வாயின் தோல் உணர்ந்து மூளைக்குச் சொல்கிறது. அதன் பிறகு வெளிவளையம் திறப்பதா, காத்திருப்பதா என்று மூளை முடிவு செய்கிறது. உடம்பில் இவ்வளவு நுட்பமாகத் தரம்பிரித்து அறியும் இடங்கள் அதிகமில்லை.

இன்னொரு முக்கியமான செய்தி. கால்வாயின் நடுவில், வெளிவாசலிலிருந்து சுமார் 2 சென்டிமீட்டர் உயரத்தில், ஓர் எல்லைக்கோடு உண்டு. கருவில் நாம் உருவானபோது மேலிருந்து வந்த குடலும் வெளியிலிருந்து வந்த தோலும் சந்தித்த இடம் அது. கோட்டுக்குக் கீழே தோலுக்குரிய நரம்புகள். ஊசி குத்தினாலும் துடிக்கும். கோட்டுக்கு மேலே குடலுக்குரிய நரம்புகள். நிறைந்திருப்பதையும் விரிவதையும் உணரும், ஆனால் கீறலையோ வெட்டையோ உணராது. இதை நினைவில் வையுங்கள். பின்னால் வரும் பல கேள்விகளுக்கு இதில்தான் விடை இருக்கிறது.

அடக்கி வைத்தால் என்ன நடக்கும்?

சுங்கை சிப்புட், பீடோர், தெலுக் இந்தான் பக்கத்தில் பழைய ரப்பர்த் தோட்டங்கள் பலவும் செம்பனைக்கு மாறிவிட்டன. லயங்களை விட்டுப் பலர் நகரத்திற்கு வந்துவிட்டார்கள். ஆனாலும் தோட்டத்திலிருந்தும் தோட்டத்தை ஒட்டிய தாமானிலிருந்தும் இருட்டோடு எழுந்து பேருந்து பிடித்துப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் இன்றும் உண்டு. காலையில் எழுந்ததும், ஏதாவது சாப்பிட்டதும், பெருங்குடல் வலுவாக அசையும். மலம் கழிக்க உடம்பே தேர்ந்தெடுத்த நேரம் அது. பேருந்துக்கு ஓடும் அவசரத்தில் அந்த நேரம் தவறிப்போகிறது. பள்ளிக் கழிவறையில் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் வரவில்லை, நண்பர்கள் கேலி செய்வார்கள் என்று மாலைவரை அடக்குகிறோம்.

ஒவ்வொரு நாளும் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை நீர் கலந்த உணவுக் கழிவு பெருங்குடலுக்குள் நுழைகிறது. பெருங்குடல் அந்த நீரைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. கடைசியில் மலத்தோடு வெளியேறும் நீர் 100 முதல் 200 மில்லிலிட்டர் மட்டுமே. மலம் உள்ளே காத்திருக்கும் நேரம் கூடக் கூட இன்னும் நீர் உறிஞ்சப்படும். காலையில் மென்மையாக இருந்தது மாலையில் இறுகிவிடும். நாள்தோறும் அடக்கினால் மலக்குடல் மெல்ல விரிந்து, "நிறைந்துவிட்டது" என்று சொல்லும் உணர்வும் மங்கிப்போகும். மலச்சிக்கல் இப்படித்தான் பழக்கமாகிறது.

வெடிப்பு: வலியின் வட்டம்

இறுகிய மலம் முக்கி வெளியேறும்போது ஆசனவாயின் தோலில் சிறு கிழிசல் உண்டாகலாம். இதை ஆசனவாய் வெடிப்பு என்கிறோம். பெரும்பாலும் பின்பக்க நடுக்கோட்டில் வரும். எல்லைக்கோட்டுக்குக் கீழே இருப்பதால், கண்ணாடித் துண்டு கீறுவதுபோல வலிக்கும். காகிதத்தில் பளிச்சென்ற சிவப்பு இரத்தம் சில துளிகள் தெரியும்.

அடுத்து நடப்பதைக் கவனியுங்கள். வலியால் உள்வளையத் தசை இறுகுகிறது. தசை இறுகினால் அந்த இடத்திற்கு இரத்த ஓட்டம் குறைகிறது. புண் ஆறத் தாமதமாகிறது. வலிக்குப் பயந்து மறுநாளும் அடக்குகிறோம். மலம் மேலும் இறுகுகிறது. அடுத்த முறை அதே இடம் மீண்டும் கிழிகிறது. இந்த வட்டத்தை ஏதாவது ஓரிடத்தில் அறுக்க வேண்டும்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை இவை:

1. அகலமான பாத்திரத்தில் வெதுவெதுப்பான வெறும் நீர் ஊற்றி, இடுப்புப் பகுதி நனையும்படி 10 முதல் 15 நிமிடம் அமருங்கள். நாளுக்கு இரண்டு மூன்று முறை செய்யலாம். வெதுவெதுப்பு தசையைத் தளர்த்தும். கிருமிநாசினி கலக்காதீர்கள், புண்ணை எரிக்கும்.

2. மலத்தை மென்மையாக்குங்கள். நீரும் நார்ச்சத்தும் இரண்டும் வேண்டும்.

3. நீரால் மெதுவாகக் கழுவி, ஒற்றி எடுங்கள். சோப்புப் போட்டுத் தேய்த்தால் அரிப்பு கூடும்.

4. உணர்வு வந்ததும் போங்கள். கழிவறையில் கைப்பேசியோடு அரை மணி நேரம் உட்கார வேண்டாம்.

புதிய வெடிப்புகளில் பெரும்பாலானவை இந்தக் கவனிப்பிலேயே சில வாரங்களில் ஆறிவிடும். இரண்டு வாரமாகியும் குறையவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். தசையைத் தளர்த்தும் களிம்பு, மலத்தை இளக்கும் மருந்து எல்லாம் இருக்கின்றன. மருந்துக் கடையில் கிடைக்கும் ஏதாவது ஒரு களிம்பை நீங்களாக வாங்கித் தடவாதீர்கள். சில களிம்புகளில் உள்ள ஸ்டீராய்டு நாள்பட்டால் தோலை மெலிதாக்கிவிடும்.

எல்லாமே "சூடு"தானா?

நம் வீடுகளில் இந்தத் தொல்லை வந்தால், "உடம்பு சூடாயிடுச்சு, இளநீர் குடி" என்பார் பாட்டி. அறிவியலில் "சூடு" என்று ஒரு நோய் இல்லை. ஆனால் பாட்டி கண்ட காட்சி உண்மையானது. வெயிலில் பால்மரம் சீவியவர்களும் புல்வெட்டியவர்களும் வியர்வையில் நிறைய நீரை இழந்தார்கள். இழந்த நீரை ஈடுகட்டப் பெருங்குடல் மலத்திலிருந்து கூடுதலாக நீரை எடுத்தது. மலம் இறுகியது, எரிச்சல் வந்தது. இளநீர் அந்த நீரைத் திருப்பித் தந்தது. பாட்டியின் மருந்து சரி; காரணத்தை மட்டும் நாம் இன்னும் தெளிவாகச் சொல்லலாம்.

மூலம் என்பதும் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் சொல். ஆசனவாய்க் கால்வாயின் உட்புறத்தில் இரத்த நாளங்கள் நிறைந்த மெத்தைகள் எல்லாருக்கும் உண்டு. குழாயில் வைக்கும் ரப்பர் வளையம்போல, வாசல் கசியாமல் மூட அவை உதவுகின்றன. அதிகம் முக்குவதாலும் நெடுநேரம் உட்காருவதாலும் அவை வீங்கிக் கீழிறங்கும்போதுதான் மூலம் என்கிறோம். உள்மூலம் எல்லைக்கோட்டுக்கு மேலே இருப்பதால் பெரும்பாலும் வலிக்காது. இரத்தம் மட்டும் வரும். வெடிப்போ வலிக்கும். வலி இருக்கிறதா இல்லையா என்பதே மருத்துவருக்கு ஒரு துப்பு.

இரவில் மட்டும் அரிப்பா?

பகலில் ஒன்றுமில்லை, படுத்ததும் ஆசனவாயைச் சுற்றி அரிப்பு என்றால் கீரிப்பூச்சி எனப்படும் நூல்புழுவாக இருக்கலாம். பெண்புழு இரவில் வெளியே வந்து ஆயிரக்கணக்கான முட்டைகளைத் தோலில் ஒட்டி வைக்கிறது. சொறிந்த விரல் நகத்தில் முட்டை ஏறும். அதே விரல் வாய்க்குப் போனால் சுழற்சி மீண்டும் தொடங்கும். மெத்தை விரிப்பிலும் துண்டிலும் முட்டை ஒட்டியிருக்கும். அதனால் ஒருவருக்கு வந்தால் வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் மருந்து சாப்பிட வேண்டும். இரண்டு வாரம் கழித்து மறுமுறையும் சாப்பிட வேண்டும். கண்டுபிடிக்கும் முறை மிக எளிது: காலையில் கழுவும் முன் ஒட்டு நாடாவைத் தோலில் ஒட்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். 1941இல் கிரகாம் என்பவர் விவரித்த இந்த முறையை இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

நம் தாத்தா பாட்டி காலத்தில் இதைவிடக் கொடிய புழு ஒன்று தோட்டங்களில் இருந்தது: கொக்கிப்புழு. மலத்தோடு மண்ணில் விழும் முட்டை பொரிந்து, வெறுங்காலின் தோல் வழியே உடம்புக்குள் நுழைந்து, சிறுகுடலில் தொற்றிக்கொண்டு இரத்தத்தைக் குடிக்கும். 1915 முதல் 1917 வரை ராக்ஃபெல்லர் அறநிறுவனம் அனுப்பிய, சாமுவேல் டார்லிங் தலைமையிலான ஆய்வுக்குழு மலாயா, ஜாவா, பிஜி ஆகிய இடங்களுக்கு வந்து கொக்கிப்புழுவையும் மலேரியாவையும் ஆராய்ந்தது. சோர்ந்து வெளுத்துப்போன தொழிலாளியைச் "சோம்பேறி" என்று சொல்வது எளிது. அவர் இரத்தசோகையால் துவண்டிருக்கலாம் என்பதை மலப் பரிசோதனைதான் காட்டும். மருந்து மட்டும் போதாது. கழிவறையும் காலணியும் வேண்டும். மலத்தைப் பற்றி வெட்கமின்றிப் பேசியதால்தான் கழிவறைகள் வந்தன.

உள்ளே எதையும் செலுத்தக் கூடாது, ஏன்?

குழந்தைக்கு மலம் வராவிட்டால் வெற்றிலைக் காம்பை எண்ணெயில் தோய்த்து ஆசனவாயில் வைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. சிலர் சோப்புத் துண்டை வைப்பார்கள். மருத்துவர்கள் இதை வேண்டாம் என்கிறார்கள். காரணத்தை நீங்களே ஊகிக்கலாம்.

முதலாவது, மலக்குடலின் உள்பூச்சு ஒரே அடுக்குச் செல்களால் ஆனது. மெல்லியது, எளிதில் கிழியும். இரண்டாவது, எல்லைக்கோட்டுக்கு மேலே கீறல் வலிக்காது. காயம்பட்டது தெரியாமலே போகலாம். மூன்றாவது, சுருக்குத்தசை உடனே மூடிக்கொள்ளும். உள்ளே போன பொருள் மேலே நழுவிப்போனால் திரும்ப எடுக்க முடியாமல் சிக்கிக்கொள்ளும். மருத்துவர் தரும் வில்லை மருந்து உடல் வெப்பத்தில் கரையும்படி செய்யப்பட்டது. அதற்கு இந்த ஆபத்து இல்லை.

எந்தக் காரணத்தாலாவது ஒரு பொருள் உள்ளே சிக்கிவிட்டால், குச்சியாலோ விரலாலோ எடுக்க முயலாதீர்கள். பேதி மருந்தும் குடிக்காதீர்கள். நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்குள்ளவர்களுக்கு இது புதிதல்ல. அவர்கள் கேட்கும் கேள்விகள் சிகிச்சைக்காக. உங்களைக் குற்றம் சொல்வதற்காக அல்ல. காயத்தை மறைத்து நாள்கடத்தினால் கிருமி பரவி உயிருக்கே ஆபத்தாகலாம்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் உடம்பின் இந்தப் பகுதியை யாராவது கட்டாயப்படுத்தியோ ஏமாற்றியோ தொட்டால், அவர் உறவினரோ, ஆசிரியரோ, பெரியவரோ யாராக இருந்தாலும், தவறு உங்களுடையது அல்ல. நம் நாட்டில் 2017ஆம் ஆண்டின் சிறார் பாலியல் குற்றச் சட்டம் உங்களைப் பாதுகாக்கிறது. நம்பும் பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். 15999 என்ற தாலியான் காசே எண்ணுக்கும் அழைக்கலாம்.

மன்னனும் மருத்துவரும்

பிரான்சு மன்னர் 14ஆம் லூயிக்கு ஆசனவாய் அருகே பௌத்திரம் வந்தது. சீழ்க்கட்டி உடைந்து தோலுக்கும் குடலுக்கும் இடையே குழாய்போலப் பாதை உண்டாவதுதான் பௌத்திரம். பல மாதம் களிம்பும் மருந்தும் பயன்தரவில்லை. 1686 நவம்பர் 18ஆம் நாள் ஷார்ல் ஃபிரான்சுவா ஃபெலிக்ஸ் என்ற அறுவை மருத்துவர் மயக்க மருந்தே இல்லாத அந்தக் காலத்தில் அறுவை செய்து குணப்படுத்தினார். ஒரு பேரரசரே தன் நோயை மருத்துவரிடம் காட்டினார் என்றால் நாம் ஏன் தயங்க வேண்டும்?

இந்தத் தயக்கத்தின் விலை சிறியதல்ல. மலேசியாவில் ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் என்று 2012 முதல் 2016 வரையான தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு சொல்கிறது. பெண்களிடையே மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடம் இதற்குத்தான். பெரும்பாலோர் மூன்றாம், நான்காம் நிலையில்தான் கண்டறியப்படுகிறார்கள். மலத்தில் இரத்தம் கண்ட தாத்தா, "மூலம்தான், தானா சரியாகும்" என்று ஓராண்டு பேசாமலிருந்தால் அந்த ஓராண்டில் கட்டி வளர்ந்துவிடும். எல்லைக்கோட்டுக்கு மேலே வலி இல்லை என்று படித்தோம் அல்லவா? வலிக்காததால் ஒன்றுமில்லை என்று நினைப்பது பெரிய ஆபத்து.

அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் 50 வயதைக் கடந்தவர்களுக்கு மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைக் கண்டறியும் பரிசோதனை செய்கிறார்கள். குடிமக்களுக்குப் புறநோயாளிக் கட்டணம் 1 வெள்ளி. தேவைப்பட்டால் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். உங்கள் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மாவிடம் இதைச் சொல்லக்கூடியவர் நீங்கள்தான்.

உங்கள் வயதில் இந்தப் புற்றுநோய் மிக அரிது, பயப்பட வேண்டாம். ஆனால் கீழ்க்கண்டவை எந்த வயதில் வந்தாலும் காத்திருக்காதீர்கள்: மலத்தோடு கலந்த இரத்தம், தார்போல் கறுத்த மலம், காய்ச்சலோடு ஆசனவாய் அருகே வீக்கம், காரணமில்லாமல் எடை குறைதல், வயிறு உப்பி வாந்தியோடு வாயுவும் பிரியாமல் இருத்தல், நிற்காத இரத்தப்போக்கு.

தட்டில் இருக்கும் மருந்து

அயர்லாந்தைச் சேர்ந்த அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட் உகாண்டாவில் பல ஆண்டுகள் பணியாற்றினார். நார் மிகுந்த உணவு உண்ட ஆப்பிரிக்கக் கிராமத்தவருக்கு மலம் அதிகமாகவும் மென்மையாகவும் இருப்பதையும், உணவு குடலைக் கடக்க ஆகும் நேரம் பிரிட்டன் மக்களின் நேரத்தைவிட மிகக் குறைவாக இருப்பதையும் அவரும் அவருடைய குழுவினரும் 1972இல் வெளியிட்டார்கள். குடல்நோய்கள் எல்லாவற்றுக்கும் நார்க்குறைவே காரணம் என்று பின்னாளைய ஆய்வுகள் சொல்லவில்லை. ஆனால் மலச்சிக்கலுக்கு நார்ச்சத்து நல்லது என்பது நிலைத்துவிட்டது.

நமக்கு நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் நார்ச்சத்து பரிந்துரைக்கப்படுகிறது. காலையில் ரொட்டி சானாய், இடைவேளையில் மாகி மீ, இரவில் கோழிப் பொரியல் என்று போனால் அதில் பாதிகூடச் சேராது. பேராக்கில் நமக்குக் குறையா? பீடோர் கொய்யா, தம்புன் பம்பளிமாஸ், ஈப்போ தவுகே, வேலியோர முருங்கைக்கீரை, பப்பாளி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். 100 கிராம் கொய்யாவில் மட்டும் சுமார் 5 கிராம் நார் உண்டு. நாரைக் கூட்டும்போது நீரையும் கூட்டுங்கள். நீரில்லாத நார் மலத்தை மேலும் கட்டியாக்கும்.

உட்காரும் முறையும் உதவும். மலக்குடலைச் சுற்றி ஒரு தசை கவண்போல முன்னோக்கி இழுத்து அதை வளைத்து வைத்திருக்கிறது. குந்தி அமரும்போது அந்த வளைவு நேராகிறது. 2003இல் டோவ் சிகிரோவ் 28 பேரை வைத்துச் செய்த ஆய்வில், குந்தி அமர்ந்தபோது நேரமும் முயற்சியும் குறைந்தன. வீட்டில் உட்காரும் கழிவறை என்றால் காலடியில் சிறு முக்காலி வைத்தால் போதும்.

செய்து பாருங்கள்

இரண்டு தெளிவான குவளைகளில் 100 மில்லிலிட்டர் நீர் ஊற்றுங்கள். ஒன்றில் பண்டுங்கிலும் ஐஸ் பானத்திலும் போடும் செலாசே விதை, அதாவது சப்ஜா விதை, இரண்டு தேக்கரண்டி போடுங்கள். மற்றதில் இரண்டு தேக்கரண்டி அரிசி போடுங்கள். 15 நிமிடம் கழித்து இரண்டையும் வடிகட்டி, மீந்த நீரை அளந்து எழுதுங்கள். எது அதிக நீரைப் பிடித்து வைத்தது? உங்கள் பெருங்குடலில் நார்ச்சத்து செய்யும் வேலையை இப்போது விளக்குங்கள்.

சிந்திக்க

1. உள்மூலம் வலிக்காது, வெடிப்பு வலிக்கும். எல்லைக்கோட்டைக் கொண்டு காரணம் கூறுக.

2. வெடிப்பின் வலி வட்டத்தை அம்புக்குறிப் படமாக வரைக. எந்த எந்த இடத்தில் அதை அறுக்கலாம்?

3. உங்கள் பள்ளிக் கழிவறையில் மாணவர்கள் தயங்குவதற்கான காரணங்களைப் பட்டியலிடுக. அவற்றில் மூன்றையாவது தலைமையாசிரியருக்குக் கடிதமாக எழுதுக.

மூன்றாவது கேள்விக்கு மதிப்பெண் யாரும் தரமாட்டார்கள். ஆனால் ஒரு தாழ்ப்பாளும் ஒரு வாளித் தண்ணீரும் பல பிள்ளைகளின் வலியைத் தவிர்க்கும்.